வாசலுக்கு உள்ளே ஒரு சாக்கு

தாம்பரம்
12.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அன்புசெல்வி எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் சர்க்கரையும் அடங்கியிருக்கின்றனவா? உங்கள் மருமகள் அக்ஷரா பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். படிப்பதைவிடப் படிக்க அட்டவணை போடுவதில்தான் கெட்டிக்காரியாக இருக்கிறாள்.

போனில் பேசினால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை. தையல் மெஷின் சத்தம் உங்கள் காதைத் தின்றுவிட்டது. வாட்ஸ்அப் என்றாலோ பாம்பைக் கண்டது போல ஒதுங்குகிறீர்கள். அதனால் நமக்குக் கடிதம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் 'இன்று மட்டும் தோழமை' பற்றி எங்கள் வார இதழின் ஆசிரியரிடம் சொன்னேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு கடைப் பக்கம் போகாமல், திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒரு பழைய குடோனில் உட்கார்ந்து, இன்றைக்கு மட்டும் குடிக்க மாட்டேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள் என்றேன். மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அட்டைப்படக் கட்டுரையாம். உங்கள் முழுப் பெயர், கம்பெனி வாசலில் நீங்கள் நிற்கும் படம், பக்கத்தில் அண்ணி சிரித்தபடி. குடியிலிருந்து மீண்டு வந்த என் அண்ணனை ஊர் பார்க்கட்டுமே, எனக்குப் பெருமையாக இருக்காதா? படத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை,
அன்புசெல்வி

•

நெருப்பெரிச்சல்
20.6.2024

அன்பு அம்மிணிக்கு,

ஆறுச்சாமி எழுதிக்கொண்டது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் அண்ணி மயிலாத்தாள் காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாக மைசூர்பாகு தின்கிறாள். மற்றபடி சுகம்.

படம் கிடையாது கண்ணு. முழுப் பெயரும் கிடையாது. கோபித்துக்கொள்ளாதே, காரணத்தைக் கேள்.

பத்திரிகைக்காரர்களிடம் பேசுகிற வேலையைத் தோழமையில் என்னிடமும் டேனியலிடமும் கொடுத்திருக்கிறார்கள். டேனியல் கட்டிங் மாஸ்டர், தங்கமான மனுஷன், கத்தரியைத் தவிர எதையும் கூர்மையாகப் பிடிக்கத் தெரியாது. கூட்டம் எங்கே, எப்போது, என்ன பேசுகிறோம், எல்லாம் சொல்வோம். யார் வருகிறார்கள் என்று சொல்ல மாட்டோம். முகம் காட்ட மாட்டோம். கடையை மூட வேண்டுமா, திறக்க வேண்டுமா என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டோம். போன தேர்தலில் இரண்டு கட்சிக்காரர்கள் பொன்னாடையோடு வந்தார்கள். டீ கொடுத்து, பொன்னாடையை மடித்துக் கையிலேயே கொடுத்து அனுப்பினோம்.

நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். ஏற்றுமதிப் பனியனுக்குக் கழுத்தில் லேபிள் தைக்கிறேன். நூல் நம்முடையது, சாயம் நம்முடையது, தையல் நம்முடையது, லேபிளில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் பெயர். பனியன் நன்றாக உழைத்தால் போதும் என்று இந்த ஊரே பெயரில்லாமல்தான் வாழ்கிறது. எனக்கென்ன தனியாக அட்டைப்படம்?

கட்டுரை எழுது. வேண்டுமானால் காலி நாற்காலிகளைப் படம் எடுக்கச் சொல்கிறேன்.

மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? பொங்கலுக்கு வந்தபோது காரை எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனாரே, அதிலிருந்து கேட்க நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்

•

தாம்பரம்
2.7.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆசிரியருக்குப் படித்துக் காட்டினேன். காலி நாற்காலியை அட்டையில் போட்டால் மரச்சாமான் விளம்பரம் என்று நினைப்பார்கள் என்றார். அண்ணா, முகம் இல்லாத கதையை யார் படிப்பார்கள்? மூக்குக்குக் கீழே கைக்குட்டை கட்டிக்கொண்டாவது நில்லுங்களேன்! திருடன் மாதிரி இருந்தாலும் பரவாயில்லை.

கட்டுரைக்காகச் சில கேள்விகள். அங்கே வந்த ஒருவருடைய பெயர் எப்போதாவது வெளியே தெரிந்திருக்கிறதா? பனியன் கம்பெனி ஆட்கள் மட்டும்தானா, படித்தவர்களும் வருவார்களா? உதாரணத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் மாதிரி ஒருவர். தெருவுக்குத் தெரு அவர் படம் போட்ட ஃபிளெக்ஸ் நிற்கிறது, எந்தக் கடைக்குப் போனாலும் இரண்டு பெற்றோர்கள் கும்பிடுகிறார்கள் என்று வையுங்கள். அப்படிப்பட்டவர் வந்தால் என்ன செய்வீர்கள்? கட்டுரைக்காகத்தான் கேட்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளைக்குக் கொஞ்ச நாளாகக் காய்ச்சல். பள்ளிக்கு லீவு போட்டிருக்கிறார். மற்றபடி நலம்.

அண்ணியிடம் மைசூர்பாகு வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்புசெல்வி

•

நெருப்பெரிச்சல்
15.7.2024

அன்பு அம்மிணிக்கு,

சுகமாக இருக்கிறோம். இல்லை, போன வாரம் இல்லை, இப்போது இருக்கிறோம். ஒரு கூத்து நடந்தது, கேள்.

தோழமையின் ஆண்டுக் கூட்டம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் வெளியாட்களையும் பத்திரிகைக்காரர்களையும் கூப்பிடுவோம். உன் அண்ணி பெருமை தாங்காமல் அவள் தம்பி செல்வக்குமாரிடம் சொல்லிவிட்டாள். அவனைத்தான் உனக்குத் தெரியுமே, பூனை குட்டி போட்டாலும் ஃபிளெக்ஸ் வைக்கிற ஆள். மத்தியானம் நான் டீ குடிக்கப் போகிறேன், முக்கில் பன்னிரண்டடி உயரத்துக்கு நான் நிற்கிறேன்! பின்னால் ஒரு சிங்கம். 'குடியை வென்ற கொங்குச் சிங்கமே, வருக!' என்று எழுதி, குடோன் விலாசம், நேரம் எல்லாம் போட்டிருக்கிறான். என் மூஞ்சியைவிட அவன் மூஞ்சி பெரிசு.

எனக்குப் பதறிப் போயிற்று. என் முகத்துக்காக இல்லை. விலாசத்தைப் பார்த்து டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்துவிட்டார்கள், யார் யார் உள்ளே போகிறார்கள் என்று வேடிக்கை பார்க்க. அன்றைக்கு வழக்கமாக வருகிறவர்களில் பாதிப்பேர் வரவில்லை. புதிதாக ஒருத்தர் தெருமுனை வரை வந்து, ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஓடிப் போய்க் கூப்பிடலாமா? கூப்பிட்டால் அதைவிடக் கெடுதல். அந்த முதுகு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

நானும் டேனியலுமாகக் கயிற்றை அறுத்து ஃபிளெக்ஸை இறக்கினோம். அதற்குள் சிவராஜ் என்கிற நிருபர் அதைப் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். நேரே அவர் ஆபீசுக்குப் போனோம். கெஞ்சவில்லை, சண்டை போடவில்லை, பெரிய மனுஷர் யாரையும் விட்டுப் பேசச் சொல்லவில்லை. அப்படித்தான் எங்கள் பழக்கம். டேனியல் மட்டும் பேசினான்.

"ஏனுங்க சார், இவரு மூஞ்சி வந்தா இவருக்கு ஒண்ணும் ஆவாதுங்க. இவருக்கு வேணும்னா ஒரு மாலை கூட விழுகும். ஆனா நாளைக்கு வரலாம்னு ஒருத்தன் ஊட்டுல உக்காந்து ரோசனை பண்ணீட்டு இருப்பானுங்க. அவன் இதப் பாத்தா, அய்யோ நம்ம மூஞ்சியும் இப்பிடி வந்துருமாட்ட இருக்குதேன்னு கதவச் சாத்திக்குவானுங்க. அவனுக்காகக் கேக்கறமுங்க."

சிவராஜ் பேனாவை மூடி வைத்தார். பிறகு போனை எடுத்து அந்தப் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். எங்களோடு குடோனுக்கே வந்து, வாசலில் கிடந்த செருப்புகளைப் படம் எடுத்துப் போனார். மறுநாள் அதுதான் வந்தது. வெட்டி அனுப்பியிருக்கிறேன், பார். நல்ல மனுஷன். கேட்டால் கொடுக்கிறவர்கள் இந்தத் தொழிலிலும் இருக்கிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில்: படித்தவர்களுக்கு வேறு கதவு இல்லை. தலைமையாசிரியர் வந்தால் நாற்காலி போடுவோம், டீ கொடுப்போம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்க மாட்டோம்.

மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா?

அன்புடன்,
அண்ணன்

•

தாம்பரம்
3.8.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். ஃபிளெக்ஸ் கதையைப் படித்து நானும் அக்ஷராவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தத் திரும்பிப் போனவரை நினைத்து அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செருப்புப் படத்தை ஆசிரியர் மேசையில் வைத்தேன். எடுத்துப் பார்த்தார். இதுதான் அட்டை என்றார். கட்டுரையில் ஒரு பெயர் இல்லை, ஒரு ஊர்ப் பெருமை இல்லை, டேனியல் அண்ணன் சொன்னதை மட்டும் பெயர் போடாமல் அப்படியே போட்டிருக்கிறேன். நான் எழுதியதிலேயே இதுதான் உருப்படியானது என்று எனக்கே தோன்றுகிறது. உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது அண்ணா. படத்தை அனுப்பியிருந்தால் இவ்வளவு பெருமை இருந்திருக்காது.

இதழ் ஒன்றை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னொன்றை இங்கே சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தேன். யாரோ அதைப் படித்திருக்கிறார்கள். பக்கம் மடங்கியிருந்தது.

ஒன்று கேட்கட்டுமா? அந்தச் செருப்பைக்கூட வாசலில் விடாமல் உள்ளே கொண்டுபோக முடியுமா?

அன்புசெல்வி

•

நெருப்பெரிச்சல்
12.8.2024

அன்பு அம்மிணிக்கு,

சுகம். இதழ் வந்தது. அண்ணி தலைமாட்டிலேயே வைத்திருக்கிறாள். செல்வக்குமார் அதைப் பெரிதாக்கி ஃபிளெக்ஸ் வைக்கட்டுமா என்று கேட்டான். துரத்திவிட்டேன்.

செருப்பைப் பற்றி நீ கேட்டது அதிசயம். எங்களில் ஒருவருக்கு அறுந்த வாரில் லேபிள் நாடாவை வைத்துத் தைத்த செருப்பு. பேப்பரில் பார்த்த அவர் மாமியார், "இது நம்ம மாப்பிள்ளை செருப்பாட்ட இருக்குதே" என்று கண்டுபிடித்துவிட்டார்! இரண்டு நாள் அந்த அம்மா பேசவில்லையாம். மூன்றாம் நாள் புதுச் செருப்பு வாங்கி வந்து, "சனிக்கெழம போறதுக்கு" என்று கொடுத்தாராம். அவரே இதைச் சொல்லிச் சிரிக்க அனுமதி கொடுத்ததால் எழுதுகிறேன். ஆனால் எல்லா மாமியாரும் அப்படி இருக்க மாட்டார்கள் அல்லவா? முகத்தை மறைக்கத் தெரிந்த எங்களுக்குக் காலை மறைக்கத் தோன்றவில்லை.

அதனால் போன சனிக்கிழமை முதல் கதவுக்கு உள்ளே ஒரு சாக்கு விரித்திருக்கிறோம். செருப்பெல்லாம் இனி அதன்மேல்தான்.

சாக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. நீ கட்டுரையைச் சாக்காக வைத்துக் கேட்டது எல்லாம் எனக்குப் புரிகிறது கண்ணு. இரண்டு மாதமாக ஒரு காய்ச்சல் விடாமல் இருக்காது. நீ சொல்லாமல் நான் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்

•

தாம்பரம்
16.9.2024

அண்ணா,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

அவர் குடிக்கிறார். நீங்கள் பொங்கலுக்கே பார்த்துவிட்டீர்கள், நான்தான் காய்ச்சல் என்றேன். ஆசிரியர் தின விழாவில் மேடையில் வாய் குழறிவிட்டது. முன்வரிசையில் ஒரு பெற்றோர் அதைப் போனில் எடுத்து அனுப்பிவிட்டார். தெருவில் அவர் சிரிக்கிற ஃபிளெக்ஸ், எல்லார் கையிலும் அவர் தடுமாறுகிற படம். நிர்வாகம் கொஞ்ச நாள் வராதீர்கள் என்றது. இங்கே வைத்தியத்துக்குக் கூப்பிட்டால், எந்த ஆஸ்பத்திரியிலும் என் மாணவனுடைய அப்பன் ஒருவன் இருப்பான் என்கிறார்.

போன திங்கட்கிழமை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். 'திருப்பூர் போகிறேன். மச்சான் வீட்டுக்கு இல்லை. தேடாதே. போனை அணைத்து வைப்பேன், ஞாயிறு மட்டும் திறந்து அக்ஷராவுக்கு ஒரு வார்த்தை அனுப்புவேன்.' நேற்று அவளுக்கு 'நலம்' என்று வந்தது. அவ்வளவுதான். குடோனில் உட்கார்ந்து எழுதிய நலமா, லாட்ஜில் குடித்துவிட்டு எழுதிய நலமா?

போனில் உங்களிடம் கேட்டேன். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்றீர்கள். உங்களுக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை அவர் அங்கே வந்தாரா? ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை போதும்.

அன்புசெல்வி

•

நெருப்பெரிச்சல்
20.9.2024

அன்பு அம்மிணிக்கு,

உன் கடிதத்தைப் படித்து உட்கார்ந்துவிட்டேன். அண்ணி அழுதாள். நானும்தான்.

அங்கே யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. நிருபருக்குச் சொல்வதில்லை, முதலாளிக்குச் சொல்வதில்லை, பெண்டாட்டிக்குச் சொல்வதில்லை. தங்கச்சிக்கும் சொல்வதில்லை. வந்திருந்தாலும் இதைத்தான் எழுதுவேன், வராவிட்டாலும் இதைத்தான் எழுதுவேன். இதில் எதையும் தேடாதே கண்ணு, கிடைக்காது.

அண்ணி உனக்குத் துணைக்கு வருகிறேன் என்கிறாள். நீ இங்கே வந்தாலும் உன் வீடு இது. ஆனால் வந்து கேட்டாலும் என் பதில் இதுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. அக்ஷராவைத் தனியே விடாதே.

அண்ணன்

•

தாம்பரம்
25.9.2024

அண்ணாவுக்கு,

நான் பத்திரிகைக்காரியாகக் கேட்கவில்லை. உங்கள் கூடப் பிறந்தவளாகக் கேட்டேன். உங்கள் கட்டுப்பாட்டைப் பற்றி உருகி உருகி எழுதிய என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. உங்கள் சாக்கில் யார் யாருடைய செருப்புக்கோ இடம் இருக்கிறது, எனக்கு ஒரு வார்த்தைக்கு இடம் இல்லை.

இனி எழுத வேண்டாம். அண்ணியும் வர வேண்டாம்.

அன்புசெல்வி

•

நெருப்பெரிச்சல்
13.10.2024

அன்பு அம்மிணிக்கு,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்தோம். முழங்கால் வலி தேவலை. அண்ணி மைசூர்பாகை நிஜமாகவே விட்டுவிட்டாள், உன்மேல் சத்தியம் செய்துவிட்டாளாம்.

நீ என்மேல் கோபமாக இருப்பது நியாயம். எனக்கு உன்னைவிட யாரும் பெரிசில்லை. அப்பா போனபிறகு உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான். ஒரு வார்த்தையில் உன் அழுகை நிற்குமென்றால் சொல்லிவிட்டு ஓடிவிடலாம் என்று தினமும் தோன்றுகிறது. தெருமுனையில் திரும்பிப் போன அந்த முதுகை நினைத்துக்கொள்கிறேன். வாயை மூடிக்கொள்கிறேன்.

இந்தப் பார்சலில் இரண்டு பனியன் வைத்திருக்கிறேன், உனக்கும் அக்ஷராவுக்கும். லேபிள் தைக்கவில்லை.

அண்ணன்

•

திருப்பூர்
21.10.2024

அன்புசெல்விக்கு,

மோகன்ராஜ் எழுதுவது. நலமாக இருக்கிறேன். இந்த முறை அந்த வார்த்தையை நீ நம்பலாம். நீயும் அக்ஷராவும் நலமா? உன்னிடம் இதைக் கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் கட்டுரையை மூன்று முறை படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். நம்பிக் கிளம்பவில்லை. முகம் காட்ட மாட்டோம் என்று பத்திரிகைக்கு எழுதுவது யாராலும் முடியும், சொந்தத் தங்கையிடம் எத்தனை நாள் தாங்குவார்கள் பார்க்கலாம் என்றுதான் வந்தேன்.

முதல் சனிக்கிழமை கதவைத் திறந்தது உன் அண்ணன். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். அவர் மற்றவர்களைக் கும்பிட்டது போலவே என்னையும் கும்பிட்டு, "வாங்க" என்றார். மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. குனிந்து என் செருப்பை எடுத்து உள்ளே ஒரு சாக்கின்மேல் வைத்தார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்றைக்கே உனக்குச் சொல்லிவிடுவார் என்று நிச்சயமாக நினைத்தேன். மறுநாள் போனைத் திறந்தேன். 'நீங்கள் அண்ணனோடு இருப்பது தெரிந்து நிம்மதி' என்று நீ எழுதியிருந்தால், அடுத்த பஸ்ஸில் ஏறி எங்காவது போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். 'எங்கே இருக்கீங்க?' என்று எழுதியிருந்தாய். அடுத்த சனிக்கிழமையும் போனேன். அடுத்த ஞாயிறும் 'எங்கே இருக்கீங்க?' அதற்கடுத்ததும் அதேதான். உனக்குத் தெரியவில்லை என்று தெரியத் தெரிய, அந்த நாற்காலியில் எனக்குத் தைரியமாக உட்கார முடிந்தது. போன வாரம்தான் முதல்முறையாக வாயைத் திறந்தேன். மேடையில் நடந்ததைச் சொன்னேன். யாரும் போனை எடுக்கவில்லை.

உன்னைத் தவிக்கவிட்டு நான் பிழைத்திருக்கிறேன் செல்வி. அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தீபாவளிக்கு வந்து நேரில் நிற்கிறேன்.

உன் அண்ணனுக்கு நான் எழுதியது தெரியாது.

மோகன்ராஜ்

•

தாம்பரம்
26.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் முழங்கால் தேவலை என்பதில் சந்தோஷம். அண்ணியின் சத்தியத்தை நான் நம்பவில்லை, தீபாவளி முடியட்டும் பார்க்கலாம். பனியன் அளவாக இருக்கிறது. அக்ஷரா கழற்றவே மாட்டேன் என்கிறாள். கழுத்தில் ஒன்றும் உறுத்தவில்லையாம்.

எனக்கு இந்த வாரம் ஒரு கடிதம் வந்தது. யார் எழுதினார்கள், என்ன எழுதினார்கள், அவர் எங்கே இருக்கிறார் என்றெல்லாம் கேட்காதீர்கள். நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. அண்ணனுக்கும் சொல்வதில்லை.

நான் எழுதிய அந்தப் பொல்லாத கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். இதை எழுதும்போது அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் அது வேறு அழுகை. எங்கள் குடும்பத்துக்கு நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் என்று சொல்லவும் முடியாதபடி செய்துவிட்டீர்களே!

சாக்கு நைந்துபோனால் சொல்லுங்கள். இங்கிருந்து புதிதாக ஒன்று அனுப்புகிறேன்.

உங்கள் தங்கை,
அன்புசெல்வி